இது என்ன ஈ? படம் போட்டுக் கேட்கும் இழை

#1 மாடித்தோட்டம்_கோவை

வணக்கம்ங்க. செல்போன்ல மாட்டுற கிளிப் லென்ஸ் வாங்கினதுல இருந்து மாடியில கண்ணுல படறதையெல்லாம் எடுத்துட்டு இருக்கேன். நாலு படம் இணைச்சிருக்கேன், பேர் சொல்லுங்க.

படம் 1: பச்சையா மின்னுற ஈ. கறிவேப்பிலைத் தொட்டிக்கு மீன் அமிலம் ஊத்தினதும் எங்கிருந்தோ வந்து உக்காந்துச்சு. ஆப்ல போட்டா "லூசிலியா செரிகாட்டா"ங்குது.

படம் 2: கம்போஸ்ட் தொட்டி மூடி மேல இருந்த கறுப்புப் பூச்சி. ஈயா குளவியான்னே தெரியல. வீட்டுல குழந்தைங்க இருக்காங்க, கொட்டுமா?

படம் 3: அவரைக்கொடியில அசுவினி அப்பியிருந்த இடத்துல. மஞ்சள் கறுப்புப் பட்டை. அந்தரத்துல அப்படியே நிக்குது.

படம் 4: பாத்ரூம் சுவர்ல. குட்டி விட்டில்னு நினைச்சேன், ஆப் ஈன்னு சொல்லுது.


#2 ஆப்பே_துணை

1. லூசிலியா செரிகாட்டா. என் ஆப்பும் அதையேதான் சொல்லுது. 2. கருப்புச் சிப்பாய் ஈ. 3. எபிசிர்ஃபஸ். 4. பாத்ரூம் ஈ. முடிஞ்சுது.


#3 இரட்டைச்சிறகு

முடியவில்லை. எளிதானதை முதலில் தள்ளிவிடுகிறேன்.

படம் 2 குளவி அல்ல, கருப்புச் சிப்பாய் ஈ (ஹெர்மீஷியா இல்லூசென்ஸ்) என்பது சரி. குளவிக்கு நாலு சிறகு, இதற்கு இரண்டே. வயிறு தொடங்கும் இடத்தில் ஒளி ஊடுருவும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, பாதங்கள் வெள்ளை. இந்த இரண்டும் சேர்ந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவிய இனம். கொட்டாது, கடிக்காது. தொட்டிக்குள் தடித்த பழுப்புப் புழுக்கள் இருந்தால் இதன் பிள்ளைகள்தான். விட்டுவிடுங்கள், உங்கள் காய்கறிக் கழிவை அவை பார்த்துக்கொள்ளும்.

படம் 4, க்ளோக்மியா அல்பிபங்க்டேட்டா. சிறகு விளிம்பில் நரம்புகள் முடியும் இடங்களில் வெள்ளைப் புள்ளிகள். தண்ணீர் போகும் குழாயின் உட்புறத்தில் படியும் வழவழப்பில் புழு வளரும். குழாயைத் தேய்த்துக் கழுவினால் குறையும். சுவரில் மருந்தடிப்பது வீண்.

படம் 3, சிர்ஃபிட் ஈ, அந்தரத்தில் நிற்கும் ஈக் குடும்பம். ஆனால் எபிசிர்ஃபஸ் இல்லை. எபிசிர்ஃபஸ் வயிற்றில் கறுப்புப் பட்டைகள் இரண்டிரண்டாக வரும், ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. உங்கள் ஈயில் அந்த மெலிசுப் பட்டையே இல்லை. மாறாக மார்பின் இரு ஓரத்திலும் பளிச்சென்று மஞ்சள் கோடு ஓடுகிறது. இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிஸ். இதன் புழுதான் அசுவினியைத் தின்னும். பச்சையாக, கால் இல்லாமல், அட்டை நடப்பது போல் நகர்ந்துகொண்டிருந்தால் நசுக்கிவிடாதீர்கள்.

(சம்பந்தமில்லாத ஒரு செய்தி: இந்த ஈக்கு 1805-இல் பெயர் வைத்தவர் ஃபேப்ரிசியஸ், டென்மார்க்காரர். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்ததால் நம் கடற்கரைப் பூச்சிகள் நிறைய அவர் மேசைக்குக் கப்பலேறிப் போயின.)

படம் 1-தான் வம்பு. ஆப் சொன்னதில் பேரினமே (பெயரின் முதல் பாதி) தப்பு. லூசிலியாவின் மார்பு முதுகில் நீளமான முள்மயிர்கள் வரிசை பிடித்து நிற்கும். உங்கள் ஈயின் முதுகு கிட்டத்தட்ட வழுக்கை. வயிற்று வளையம் ஒவ்வொன்றின் பின்விளிம்பிலும் கறுப்புக் கரை. கன்னம் ஆரஞ்சு நிறம். இது கிரைசோமியா. கண்கள் இரண்டும் உச்சியில் முட்டிக்கொள்வதால் ஆண். அந்தக் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மேல் பகுதியில் அறைகள் பெரிது, கீழே பொடி, இடையில் கோடு கிழித்தது போல எல்லை. கோவை மாடியில் இந்தக் கண்ணோடு உட்காரும் பச்சை ஈ என்றால் கிரைசோமியா மெகாசெஃபலா என்று தயங்காமல் சொல்வேன்.


#4 மாடித்தோட்டம்_கோவை

அய்யோ, கண்ணுக்குள்ள இப்படி ஒரு கோடு இருக்கறதை இப்பத்தான் பாக்கறேன்! ரொம்ப நன்றிங்க. பாத்ரூம் குழாய் இன்னிக்கே தேய்ச்சாச்சு.


#5 ஆப்பே_துணை

சரி, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு ஆப்பும் ஒரே பேரை எப்படிச் சொல்லும்? ஒண்ணாவது மாறியிருக்கணுமே?


#6 இரட்டைச்சிறகு

ரெண்டும் ஒரே மாதிரிப் படங்களைப் பார்த்துப் படித்தவை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் நின்று படம் எடுக்கிறார்கள். பச்சை ஈ என்றால் அங்கே செரிகாட்டாதான் குவிந்து கிடக்கும். ஆப்புக்கு "பச்சை, மினுமினுப்பு, சிவப்புக் கண்" என்பது மட்டும் தெரிந்தால் எது அதிகம் பார்த்ததோ அதைச் சொல்லும். முள்மயிரை எண்ணிப் பார்க்கும் வேலையை அது செய்வதில்லை.

லூசிலியாவாகவே இருந்தாலும் நம் ஊர்ச் சூட்டில் முதலில் நினைக்க வேண்டியது லூசிலியா குப்ரினாவை. செரிகாட்டாவும் குப்ரினாவும் அண்ணன் தம்பி. தலையின் பின்புறத்தில் இருக்கும் சின்ன மயிர்களை வைத்துப் பிரிக்கிறார்கள்: குப்ரினாவுக்குப் பக்கத்துக்கு ஒன்று, செரிகாட்டாவுக்குப் பல. முன்னங்கால் தொடை பச்சையாக மின்னினால் குப்ரினா பக்கம் சாயலாம். இதெல்லாம் தெரிகிற படம் நூற்றில் ஒன்று வருமா? அதோடு ஹெமிபைரெல்லியா என்று இன்னொரு பேரினம் அச்சு அசலாக லூசிலியா போலவே இருக்கும். ஆகவே முதுகில் முள்மயிர் தெரியும் பச்சை ஈயை மேலிருந்து எடுத்த படம் வந்தால் நான் "லூசிலியா அல்லது ஹெமிபைரெல்லியா" என்று எழுதி நிறுத்திக்கொள்வேன்.


#7 வெயில்_தும்பி

இந்த "நிறுத்திக்கொள்வேன்" எனக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது. தும்பி, வண்ணத்துப்பூச்சிக்கெல்லாம் ஒரு படம் போட்டா சிற்றினம் வரை வந்துடுது. ஈ மட்டும் என்ன ஒசத்தி? கேட்டவங்களுக்கு "சதை ஈக் குடும்பம்"னு பதில் கொடுக்கறதுக்குப் பதில் கொடுக்காமலே இருக்கலாம். சதை ஈ படம் போட்டா மூணு கோடு, கட்டம் போட்ட வயிறு, இதுக்கு மேல எதுவும் சொல்றதில்ல நீங்க.


#8 இரட்டைச்சிறகு

சதை ஈ கேட்டீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம். சாம்பல் மார்பில் மூன்று கறுப்புக் கோடு, சதுரங்கக் கட்ட வயிறு, செங்கல் நிறக் கண்: இந்தக் குடும்பத்தில் எக்கச்சக்கமான இனங்களுக்கு இதே தோற்றம்தான். சிற்றினம் பிரிப்பது ஆணின் பிறப்புறுப்பை வைத்து. அது வயிற்று நுனியில் மடிந்து உள்ளே கிடக்கும். செத்த ஈயை ஊசியில் குத்தி, அதை வெளியே இழுத்து, நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். பெண் ஈ கிடைத்தால் அதுவும் சிரமம். இலை மேல் வெயில் காயும் ஈயின் படத்தில் அந்தத் தகவல் இல்லை. இல்லாததை நான் எப்படிப் படிப்பேன்?

அதே சமயம் இஸ்கியோடானுக்குச் சிற்றினம் வரை சொன்னேன், சிப்பாய் ஈக்குச் சொன்னேன், மெகாசெஃபலாவுக்குச் சொன்னேன். மெகாசெஃபலா பெண்ணாக இருந்திருந்தால் பக்கவாட்டுப் படம் கேட்டிருப்பேன்: மார்பின் முன்பக்க மூச்சுத்துளை கரும்பழுப்பா, வெளிறலா என்று பார்க்க. வெளிறியிருந்தால் ரூஃபிஃபேசியஸ் பக்கம் போகும். ஒவ்வொரு ஈக்கும் அதன் விடை உடம்பில் எங்கே எழுதியிருக்கிறதோ அந்த இடம் படத்தில் விழுந்திருக்க வேண்டும். தும்பிக்கு அது பெரும்பாலும் மேலேயே எழுதியிருக்கிறது, உங்களுக்கு யோகம்.


#9 மேக்ரோ_பித்தன்

படம் எடுக்கறவன் பக்கத்துல இருந்து கொஞ்சம்.

எல்லாரும் மேல இருந்து ஒண்ணு எடுத்துட்டுப் போயிடறாங்க. குறைஞ்சது மூணு வேணும்: மேல, பக்கவாட்டு, முகம். பக்கவாட்டுதான் யாரும் எடுக்காதது, அதுலதான் சரக்கே இருக்கு. பின்சிறகு கட்டைக்கு (பின்சிறகு இருக்க வேண்டிய இடத்துல நிக்கிற குட்டிக் குமிழ்) முன்னால, நடுக்கால் பின்னங்கால் முளைக்கிற இடத்துக்கு மேல, வரிசையா முள்மயிர் இருந்தா பச்சை ஈ, சதை ஈ, டாக்கினிட் (மத்த பூச்சிகளுக்குள்ள புழுவா வளர்ற ஈ) இந்த மூணு குடும்பத்துல ஒண்ணு. இல்லன்னா வீட்டு ஈ வகையறா. இவ்வளவு பெரிய முடிவு ஒரு மயிர் வரிசையில இருக்கு.

காலை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க, பூச்சி மந்தமா இருக்கும். பிடிச்சு எடுக்கறதா இருந்தா சின்ன டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வச்சு வெள்ளைத் தாள்ல கொட்டுங்க. சூடு ஏறிப் பறக்கறதுக்குள்ள முகம், சிறகு, கால் எல்லாம் எடுத்துடலாம். மின்னுற ஈக்கு ஃபிளாஷ் நேரா அடிச்சா வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். முன்னாடி ஒரு டிஷ்யூ தாள் ஒட்டுங்க. பச்சையா நீலமாங்கறதை நம்பாதீங்க, வெளிச்சம் விழற கோணத்துக்கு மாறும்.

இன்னொண்ணு, இப்ப இதுதான் பெரிய தலைவலி. புது போன்ல தூரத்துல இருந்து ஜூம் பண்ணா அதுவே படத்தைத் "திருத்தி"க் கொடுக்குது. இல்லாத மயிரை வரையுது, இருக்கற மயிரை மெழுகி விட்டுடுது. அந்தப் படத்தை வச்சு முள்மயிர் எண்ணினா விளங்கினாப்புலதான். பக்கத்துல போய், திருத்தம் எல்லாத்தையும் அணைச்சுட்டு எடுங்க. வாட்ஸ்ஆப்ல வந்த படத்தையும் இங்க போடாதீங்க, அது அமுக்கி எடுத்த சாறு.


#10 நத்தம்_மாந்தோப்பு

அண்ணே, இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கு அவசரம். மாவுல செந்தூரமும் கல்லாமையும் போட்டிருக்கேன். பழ ஈக்குப் பாட்டில் பொறி கட்டியிருக்கோம், மெத்தில் யூஜினால்ங்கற ஈயை இழுக்கற வாசனை மருந்துல ஊறவச்ச கட்டை. கொட்டிப் பார்த்தா ரெண்டு தினுசா கெடக்கு. சிலது கறுப்பா, சிலது செம்பட்டையா. கொய்யா வரிசையில கட்டின பாட்டில்ல செம்பட்டை அதிகம். மருந்துக்கடையில கேட்டா "எல்லாம் டார்சாலிஸ்தான்"ங்கறாங்க. எங்க ஊருக்கு வந்த வியாபாரி ஒருத்தர் ஏற்றுமதிக்குன்னா என்ன ஈன்னு தெரியணும்ங்கறார். பாட்டில் கொட்டின படம் போட்டிருக்கேன்.


#11 வெயில்_தும்பி

செம்பட்டைன்னா ஜொனாட்டாங்க. பேக்ட்ரோசெரா ஜொனாட்டா செம்பழுப்பு, டார்சாலிஸ் கறுப்பு. இது நிறத்துலயே பிரியும்.


#12 இரட்டைச்சிறகு

நிறத்தில் பிரியாது, அதுவும் பொறிக்குள் பல நாள் கிடந்த ஈயில். செத்துக் காய்ந்தும் நனைந்தும் கிடந்தவை மங்கிச் சிவந்துபோகும், மஞ்சள் பட்டை அழுக்காகும். உயிரோடு இருக்கும்போதே டார்சாலிஸின் மார்பு முழுக் கறுப்பிலிருந்து செம்பழுப்பு கலந்தது வரை மாறும்.

சிறகைப் பாருங்கள் நத்தத்து நண்பரே. குவியலிலிருந்து நாலைந்தை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துச் சிறகை விரித்து வையுங்கள். முன்விளிம்பு நெடுக மெல்லிய பழுப்புக் கரை நுனிவரை அறுபடாமல் ஓடினால் டார்சாலிஸ் கூட்டம். கரை நடுவில் காணாமல் போய் நுனியில் மட்டும் ஒரு புள்ளியாக மிஞ்சினால் ஜொனாட்டா அல்லது பேக்ட்ரோசெரா கரெக்டா என்ற இன்னொரு பழ ஈ. அந்த இரண்டையும் பிரிக்க முகம் வேண்டும்: ஜொனாட்டாவின் முகத்தில் தனித்தனியாக இரண்டு உருண்டைக் கறுப்புப் புள்ளி, கரெக்டாவில் அவை குறுக்கே இழுத்த கோடு போலிருக்கும். மூன்றுமே மெத்தில் யூஜினாலுக்கு வரும். கொய்யா வரிசை என்கிறீர்கள், எனக்குக் கரெக்டா மேல்தான் கண். ஆனால் சிறகு தெரியாத குவியலுக்குப் பேர் எழுத மாட்டேன்.

பக்கத்தில் பூசணி, பாகல் இருந்தால் அங்கே வருவது வேறு ஆள், ஜீகோடாகஸ் குகர்பிடே. அதற்கு மார்பின் நடுவிலும் சேர்த்து மூன்று மஞ்சள் பட்டை, மற்றவற்றுக்கு ஓரத்தில் இரண்டுதான். சிறகின் குறுக்கு நரம்பு மேல் கறை. அது இந்தக் கட்டைக்கு வராது, கியூலூர் என்ற வேறு வாசனை மருந்து வைக்க வேண்டும். 2015 வரை அதையும் பேக்ட்ரோசெராவில்தான் வைத்திருந்தார்கள். பழைய கையேட்டில் அந்தப் பேரில் இருந்தால் குழம்ப வேண்டாம்.


#13 பனங்காய்

வணக்கம், யாழ்ப்பாணத்திலயிருந்து. எங்கட வளவில கறுத்தக்கொழும்பான் மா நிக்குது, அதிலயும் இந்தப் பழ இலையான்தான் பெரிய கரைச்சல். "டார்சாலிஸ் கூட்டம்" எண்டு மேல எழுதியிருக்கிறியள், டார்சாலிஸ் எண்டு ஏன் நேரா எழுதேல்லை? சிறகில கரை வடிவாத் தெரிஞ்சாலும் அப்பிடித்தானோ?


#14 இரட்டைச்சிறகு

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கரை ஓடும் சிறகு, வயிற்றில் கறுப்பாக ஆங்கில 'டி' (T) வடிவம், மஞ்சள் ஓரப்பட்டை, இந்தத் தோற்றத்தோடு ஆசியாவில் டஜன் கணக்கில் இனங்கள் உண்டு. 1994-இல் ட்ரூ, ஹான்காக் என்ற பூச்சியியலாளர்கள் இருவரும் அந்தக் கூட்டத்தை 52 இனங்களாகப் பிரித்து எழுதினார்கள். உங்கள் தீவுக்கே உரிய கண்டியென்சிஸ் அதில் ஒன்று. எங்கள் பக்கம் கேரியே என்று ஒன்று. தொடையில் கறுப்புக் கறை இருக்கிறதா, ஓரப்பட்டை கடைசிவரை ஒரே அகலமா, கூராகிப் போகிறதா என்று பார்த்துத்தான் இவற்றைப் பிரிக்க வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் தொடை தெரியாது.

இதில் பெரிய கதை ஒன்று உண்டு. 2003-இல் கென்யாவில் புதிதாக ஒரு பழ ஈ தென்பட்டது, கொஞ்ச காலத்திலேயே ஆப்பிரிக்கா நெடுக மாம்பழத்தை நாசம் பண்ணியது. அதைப் புது இனம் என்று 2005-இல் 'இன்வேடென்ஸ்' எனப் பெயர் வைத்தார்கள். பூர்வீகம் இலங்கை என்றார்கள். பத்து வருடம் அந்தப் பேரில்தான் தடை, ஆய்வு, பூச்சிப் பட்டியல் எல்லாம். பிறகு இனச்சேர்க்கை, மரபணு, உடலமைப்பு, மணம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு 2015-இல் "இது டார்சாலிஸேதான்" என்று பேரை ரத்து செய்தார்கள். அதையும் அடுத்த ஆண்டே எதிர்த்து எழுதினார்கள், முதலில் பேர் வைத்தவர்கள் தரப்பிலிருந்து. கையில் ஆயிரக்கணக்கில் உலர்ந்த ஈயும் நுண்ணோக்கியும் வைத்திருந்தவர்களுக்கே இந்தப் பாடு. என் செல்போன் திரையில் வரும் ஒற்றைப் படத்துக்கு "டார்சாலிஸ் கூட்டம்" என்பது கஞ்சத்தனம் இல்லை.


#15 பனங்காய்

விளங்குது. அப்ப ஆப்பிரிக்காவில நடந்த நாசத்துக்கு எங்கட தலையில பழி விழுந்திருக்கு எண்டு சொல்லுங்கோ. 🙂 தொடை தெரியிற மாதிரி ஒண்டைப் பிடிச்சுப் போடுறன்.


#16 நத்தம்_மாந்தோப்பு

இவ்வளவு இருக்கா இதுல. அண்ணே, ஒரே ஒரு கேள்வி. எந்த ஈங்கறதைப் பொறுத்து நான் தோட்டத்துல செய்யிற வேலை மாறுமா?


#17 இரட்டைச்சிறகு

மாங்காய், கொய்யாவைப் பொறுத்தவரை பெரிதாக மாறாது. மூன்றுக்கும் அதே கட்டை, அதே பாட்டில். கட்டைக்கு வருவது ஆண் ஈ மட்டும்தான், முட்டை வைக்கும் பெண் வெளியே திரிகிறது என்பதை மறக்க வேண்டாம். விழுந்த பழத்தைப் பொறுக்கி ஆழமாகப் புதைப்பதுதான் பாதி வேலை. புழு பழத்திலிருந்து இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழு ஆகும்.

ஏற்றுமதி என்றால் கதை வேறு. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் சில காய்கறிகளையும் நிறுத்தியது பழ ஈ புழு அகப்பட்டதால்தான். 2015 ஜனவரியில் மாம்பழத்துக்குத் திறந்தார்கள். அதன் பின் 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் முக்குவது போன்ற வேலைகள் கட்டாயமாகின. அந்த இடத்தில் இன அடையாளத்தை ஈயையே வாங்கிப் பார்த்து நிபுணர்தான் சொல்ல வேண்டும். இந்த இழையில் யாராவது "கரெக்டா" என்று எழுதியதை அச்செடுத்து வியாபாரியிடம் நீட்டிவிடாதீர்கள்.


#18 காயத்துக்கு_மருந்து

கால்நடை மருத்துவத் துறையில இருக்கேன். பச்சை ஈ பேச்சு வந்ததால ஒரு விஷயம். மாட்டுக் காயத்துல புழு வைக்கிற கிரைசோமியா பெசியானாவும் மெகாசெஃபலாவும் பார்வைக்கு ஒண்ணுதான். சிறகு அடியில இருக்கற கீழ்ச்செதில் பெசியானாவுக்கு வெள்ளை, மெகாசெஃபலாவுக்குப் பழுப்பு. பக்கவாட்டுப் படத்துல இது தெரியும். ஆனா காயத்துக்கு மேல உக்காந்திருக்கற ஈயைப் படம் பிடிச்சு ஆள் யாருன்னு பேசிட்டு இருக்காதீங்க. பெசியானா உயிரோட இருக்கற சதையைத் தின்னும். புழு எதுவா இருந்தாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.


#19 ஆப்பே_துணை

இன்னொரு சந்தேகம். படம் போட்டுப் பேர் கேக்கற ஐநேச்சுரலிஸ்ட் தளத்துல மாடித்தோட்டம் அக்காவோட படம் 1 பார்த்தேன். அக்கா ஆப் சொன்னபடி செரிகாட்டா போட்டிருந்தாங்க, வேற யாரோ "ஒப்புக்கொள்கிறேன்" தட்டிட்டாங்க, "ஆய்வுத் தரம்"னு பச்சையில வந்துடுச்சு. ரெண்டு பேர் தட்டினா ஆய்வுத் தரமா?


#20 இரட்டைச்சிறகு

ஆமாம். படம், தேதி, இடம் இருந்து, குறைந்தது இரண்டு பேர் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அந்த முத்திரை விழும். பிறகு அது ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளத்துக்குப் போகும். அங்கிருந்து யாரோ ஒரு ஆய்வாளர் "கோவையில் செரிகாட்டா" என்று வரைபடத்தில் புள்ளி வைப்பார். ஐநேச்சுரலிஸ்ட்டில் சேர்ந்த அதே பதிவை வைத்து ஆப் அடுத்தவருக்கும் "இந்தப் பகுதியில் உண்டு" என்று பரிந்துரைக்கும். சுற்றிச் சுற்றி வரும்.

எனக்குக் கோபம் வருவது ஆப் மேல் இல்லை, அந்த இரண்டாவது ஆள் மேல். பார்க்காமல் தட்டுகிறார்கள். படம் போட்டவரும் எவராவது பேர் எழுதினால் மரியாதைக்காக உடனே ஒப்புக்கொள்கிறார். நன்றி சொல்ல வேறு இடம் இருக்கிறது. நீங்களே அந்த அடையாளத்தைக் கண்ணால் பார்த்தால் மட்டும் தட்டுங்கள். பேரினத்துக்கு மேல் போக முடியாத படத்துக்கு "இதற்கு மேல் மேம்படுத்த முடியாது" என்று குறிக்கும் வசதி இருக்கிறது. அப்படிக் குறித்தால் பேரின அளவிலேயே ஆய்வுத் தரம் கிடைக்கும்.


#21 மாடித்தோட்டம்_கோவை

மாத்திட்டேங்க. கண்ணுல கோடு தெரியற மாதிரி வெட்டின படத்தையும் சேர்த்துட்டேன், அடுத்து வர்றவங்க பாத்துட்டுத் தட்டட்டும்.


#22 வெயில்_தும்பி

எல்லாத்துக்கும் ஊசியில குத்தின ஈதான் வேணும்னா நாங்க கேமராவை வித்துடலாமா? வெளியில உயிரோட எடுத்த படத்துக்குன்னு ஒரு மதிப்பும் இல்லையா?


#23 மேக்ரோ_பித்தன்

இருக்கு. மாட்டு ஈயோட கண்ணுல பச்சையும் ஊதாவுமா பட்டை ஓடும், பாத்திருக்கீங்களா? செத்ததும் அது மங்கிப் போயிடும். ஊசியில குத்தின ஈயில கண்ணு வெறும் பழுப்பு. அந்தப் பட்டை எத்தனை, எங்க வளையுதுங்கறது உயிரோட எடுத்த படத்துலதான் கிடைக்கும். எந்தப் பூவுல உக்காந்துச்சு, எதைப் பிடிச்சுத் தின்னுச்சுன்னு குத்தி வச்ச ஈ இருக்கற எந்தப் பெட்டியும் சொல்லாது.


#24 இரட்டைச்சிறகு

மேக்ரோ_பித்தன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இன்னொன்றும் சேர்க்கலாம். நம் நாட்டுச் சிர்ஃபிட் ஈக்களுக்கு இன்றைக்கும் ஆட்கள் புரட்டுவது பூச்சியியலாளர் புருனெட்டி 1923-இல் எழுதிய தொகுதி. அதிலுள்ள பிரிப்பு வரிகள் உலர்ந்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவை. உயிருள்ள ஈயின் நிறத்தோடு அவற்றை ஒட்டிப் பார்க்க யாராவது நல்ல படங்களைச் சேர்த்து வைத்தால்தான் உண்டு. சிர்ஃபிட்டுகளில் ஆரம்பியுங்கள் தும்பி. பாதிக்கு மேல் உங்கள் வழியிலேயே பேர் கிடைக்கும். சிறகைக் கூர்மையாக எடுத்தால் நடுவில், எந்த நரம்போடும் ஒட்டாமல், தொடங்குவதும் முடிவதும் தெரியாமல் ஒரு பொய்நரம்பு கிடக்கும். அது இருந்தால் சிர்ஃபிட் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். எரிஸ்டாலினஸ் என்ற சிர்ஃபிட் பேரினத்தின் கண்களை எடுத்துப் பாருங்கள், சிலதில் புள்ளி, சிலதில் கோடு. ஒரு மாதம் அதிலேயே போய்விடும்.


#25 நத்தம்_மாந்தோப்பு

அண்ணே, நீங்க சொன்னபடி வெள்ளைத் தாள்ல சிறகு விரிச்சு எடுத்துட்டேன். அதோட விழுந்த மாங்காயை ஒரு வாளியிலயும் கொய்யாவை இன்னொண்ணுலயும் மணல் போட்டு வலை கட்டி வச்சேன். ஈ வெளிய வந்துருச்சு. ஆறு படம்.


#26 இரட்டைச்சிறகு

இதைத்தான் எதிர்பார்த்தேன். எந்தப் பழத்திலிருந்து வந்தது என்பதும் தெரிகிறது, ஆண் பெண் இரண்டும் கிடைக்கிறது. பாட்டில் தராத தகவல் இது.

மா வாளி, படம் 1, 2: கரை அறுபடவில்லை, ஓரப்பட்டை அகலமாகக் கடைசிவரை ஓடுகிறது, பக்கவாட்டில் தொடை சுத்த மஞ்சள். கேரியேவை ஒதுக்கலாம். பேக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்றே எழுதுகிறேன். படம் 2-இல் வயிற்று நுனியில் கூர்மையாக நீட்டிக்கொண்டிருப்பது முட்டை வைக்கும் உறுப்பு, பெண்.

கொய்யா வாளி, படம் 3, 4: கரை நடுவில் இல்லை, நுனியில் புள்ளி. முகத்தில் குறுக்குக் கோடு. கரெக்டா. கொய்யா வரிசைப் பாட்டிலில் கிடந்த செம்பட்டையை வைத்து மட்டும் இதைச் சொல்லியிருக்க முடியாது. உங்கள் தாள் படம் 5-இல் உள்ள செம்பட்டை ஈக்கும் கரை அறுபடாமல் ஓடுகிறது பாருங்கள், அது டார்சாலிஸ் கூட்டத்து ஆளே.

படம் 6-க்கு இப்போது பேர் இல்லை. கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ, உடம்பெல்லாம் வெளிறியிருக்கிறது, சிறகுகூட முழுக்க விரியவில்லை. நிறம் பிடிக்கச் சில நாள் ஆகும். டப்பாவில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சு வைத்து உயிரோடு வைத்திருங்கள். பிறகு முகம், சிறகு, பக்கவாட்டு.


#27 நத்தம்_மாந்தோப்பு

பஞ்சு வச்சாச்சு. கடைக்காரர்கிட்ட இதைக் காட்டினேன், "ரெண்டுக்கும் ஒரே கட்டைதானே, அப்புறம் என்ன"ன்னுட்டார். அதுவும் சரிதான்னு வாங்கிட்டு வந்தேன். 🙂


#28 புதுசு_2

இந்த இழையிலயே கொசு படம் போடலாமா? கால்ல வெள்ளைப் பட்டை இருக்கு.


#29 நிர்வாகி

கொசுவும் இருசிறகிதான், ஆனா படம் நிறைய சேர்ந்துடுச்சு, தனி இழை தொடங்குங்க. மேலிருந்து எடுத்த படத்துல மார்பு முதுகு தெளிவா இருக்கணும்: நடுவில் ஒரே வெள்ளைக் கோடா, இல்லை இருபுறமும் வளைஞ்ச கோடான்னு முதல்ல கேப்பாங்க.